வண்டுக்கு வரப்பு தெரியாது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. பொழுது விடிந்து வெளியே வந்தால், பேராவூரணிப் பக்கத்து எங்கள் ஊரில் அதுவரை தென்னைகள் மறைத்திருந்த வீடுகளெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. என் இரண்டு ஏக்கரில் 180 மரங்கள். மிஞ்சியவை 11.

புதுத் தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமே என்ற பதைப்பில் கடன் வாங்கி மரங்களை அறுத்து அகற்றி, உடனே நட்டேன். பக்கத்தில் சிங்கப்பூரில் இருப்பவர் ஒருவரின் தோப்பு. அங்கே மரங்கள் விழுந்தபடியே கிடந்து மக்கின. அதில் பெருகிய காண்டாமிருக வண்டு என் பிள்ளைகளின் குருத்தைக் குடைந்தது. விரிந்த ஓலையெல்லாம் கத்தரி போட்டதுபோல் இருந்தது. புலம்பியபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “வண்டுக்குப் பட்டா சிட்டாவெல்லாம் தெரியுமா தம்பி?”

அதற்குப் பிறகுதான் ஊர் கூடி உட்கார்ந்தோம். பட்டுக் கற்றவை இவை:

1. கணக்கை ஊரே எழுத வேண்டும். மரத்துக்கு இழப்பீடு 600, அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. பட்டாவில் பேர் இல்லாத குத்தகைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். தோப்பு வாரியாக மரம், வயது, போர்வெல், பாடுபடுபவர் பெயர் எல்லாம் ஒரே நோட்டில் இருந்தால் அதிகாரி வரும்போது பேச ஆதாரம் இருக்கும்.

2. நடுவதற்கு முன் விழுந்த மரங்களை அகற்றுங்கள். அதையும் வரிசையாகச் செய்யுங்கள். பொக்லைனையும் மரம் அறுக்கும் மெஷினையும் ஆளாளுக்குக் கூப்பிட்டால் வாடகை எகிறும். வாய்க்கால் ஓரத்திலிருந்து தோப்பு தோப்பாக முடிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரிடம் போனிலேயே சம்மதம் வாங்கிவிடலாம்.

3. வண்டுக்கும் கூட்டு வைத்தியம்தான். எருக்குழிகளில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்தோம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வைத்தோம். ஒரே வாரத்தில் எல்லாத் தோப்பிலும் செய்ததால்தான் பலன் கிடைத்தது.

4. நிலமில்லாதவர்களை மறக்காதீர்கள். மரமேறுபவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள் ஆகியோருக்கு இழப்பீட்டுப் பட்டியலில் இடமில்லை. அகற்றும் வேலையில் முதல் கூலி அவர்களுக்கே என்று தீர்மானித்தோம். இதை முதல் மாதமே செய்திருந்தால் பல குடும்பங்கள் வேலை தேடித் திருப்பூருக்குப் போயிருக்காது.

5. ஒரே மரத்தை நம்பாதீர்கள். 25 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 70 பிள்ளைகள் போதும். நடுவில் உளுந்து, கடலை, வாழை போட்டோம். தென்னை காய்க்கும்வரை அடுப்பு எரிந்தது அதனால்தான்.

6. தண்ணீருக்கு வழி செய்துகொள்ளுங்கள். கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. போர் இருந்தும் பயிர் காய்ந்தது. நான்கு தோப்புக்கு ஒரு ஜெனரேட்டர் என்று முன்பே பேசி வைத்தால் வாடகையும் குறையும், சண்டையும் வராது.

எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்ததும் அந்த நோட்டைத் திருத்தி எழுதுகிறோம். உங்கள் ஊரில் அப்படியொரு நோட்டு இல்லையென்றால், அடுத்த மழைக்காலத்துக்குள் ஒன்றைத் தொடங்கிவிடுங்கள்.