வீட்டு எண் தேதியான கதை

தென் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள கடைகளில் வாழையிலையும் மல்லிகைச் சரமும் காப்பித்தூளும் கிடைக்கும். அப்பகுதிக் குடும்பங்கள் சில ஒன்றுகூடி, 2025ஆம் ஆண்டு பொங்கலுக்கு விழா எடுத்தன எனக் கொள்க. அழைப்பிதழ்கள் அச்சாகி வந்தன. உறைகளின் மேல் முகவரி எழுத வேண்டும். இருநூற்றுக்கு மேற்பட்ட முகவரிகளைக் கையால் எழுதுவது எளிதன்று. எனவே எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி அப்பணியைக் கணினியில் செய்து தர முன்வந்தாள்.

தாத்தாவின் பழைய முகவரிப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொண்டு, சனவரி முதல் வாரத்தில் அவள் எல்லாவற்றையும் எக்செல் விரிதாளில் ஏற்றினாள். விரிதாள் என்பது கட்டங்களால் ஆன பெரிய அட்டவணை. பெயருக்கு ஒரு நெடுவரிசை, வீட்டு எண்ணுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு ஒன்று என அவள் பிரித்துக்கொண்டாள். பிறகு வேர்டு மென்பொருளில் உள்ள 'மெயில் மெர்ஜ்' என்னும் வசதியால் அந்த விரிதாளை முகவரிச் சீட்டுகளோடு இணைத்தாள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு முகவரி தானாகவே சென்று அமர்ந்தது. சீட்டுகள் உறைகளில் ஒட்டப்பட்டு அஞ்சலில் சேர்ந்தன.

விழா இனிதே நடந்தது. ஆயினும் தாத்தாவின் நெருங்கிய நண்பர் மட்டும் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருப்பவர்; எந்த ஆண்டும் பொங்கலைத் தவறவிடாதவர். 'ஏதோ மனவருத்தம் போலும்' என்று தாத்தா எண்ணினார். 'அழைக்க மறந்துவிட்டார்களே' என்று நண்பர் எண்ணினார். மறுவாரம் உறை திரும்பி வந்தது.

"தாத்தா, வீட்டு எண் 12/3 என்றுதானே தட்டச்சு செய்தேன்?" என்றாள் பேத்தி.

"ஆமாம் அம்மா. ஆனால் உறையின் மேல் 3/12/2025 என்றல்லவா இருக்கிறது! இது வீட்டு எண்ணா, நாள்காட்டியா?" என்றார் தாத்தா.

கொல்கத்தாவில் இத்தகைய வீட்டு எண்கள் மிகுதி. ஒரு மனை பாகம் பிரிக்கப்படும்போது 12 என்ற எண் 12/1, 12/2, 12/3 எனக் கிளைக்கும். சென்னையிலும் பழைய எண், புதிய எண் இரண்டையும் சாய்கோட்டால் பிரித்து 5/12 என்று எழுதும் வழக்கம் உண்டு. மனிதர் இதைப் படித்தால் குழப்பம் இல்லை. எக்செல்லோ, சாய்கோட்டின் இருபுறமும் நாளாகவும் மாதமாகவும் இருக்கத்தக்க எண்களைக் கண்டால், அதைத் தேதி என்றே முடிவு செய்துவிடும். ஆகவே 12/3 என்பது மார்ச் மாதம் 12ஆம் நாள் ஆயிற்று. ஆண்டு எழுதப்படாததால் நடப்பு ஆண்டையும் அதுவே சேர்த்துக்கொண்டது.

பிழை இதோடு நிற்கவில்லை. எக்செல் ஒவ்வொரு தேதியையும் உள்ளே ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 1900ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் அதற்கு 1. அங்கிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூடும். 2000ஆம் ஆண்டின் முதல் நாள் 36526. 2025 மார்ச் 12ஆம் நாள் 45728. கட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் 'மார்ச் 12' என்பது அந்த எண்ணுக்குப் போர்த்திய ஆடை மட்டுமே. வேர்டு, விரிதாளைப் படிக்கும்போது அந்த ஆடையைப் பெரும்பாலும் விட்டுவிட்டு உள்ளிருக்கும் மதிப்பை மட்டும் எடுத்துச் செல்கிறது. தேதியாக இருந்தால் அமெரிக்க முறைப்படி மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதிவிடுகிறது. அதனால்தான் 12/3 என்ற வீடு 3/12/2025 ஆயிற்று. அஞ்சல்காரர் ஆண்டை ஒதுக்கிவிட்டுப் படித்தாலும், 3/12 என்ற வேறொரு வீட்டின் கதவையே தட்டியிருப்பார்.

பிழையைக் கண்டவுடன் பலரும் செய்வது ஒன்று உண்டு. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, 'டெக்ஸ்ட்', அதாவது 'எழுத்து' என்று வடிவத்தை மாற்றுவர். உடனே கட்டத்தில் 45728 என்று தோன்றும்! முதலில் தட்டச்சு செய்த 12/3 கட்டத்தில் எங்குமே இல்லை. அது தேதியாக மாறிய நொடியிலேயே மறைந்துவிட்டது. மீட்க வேண்டுமானால் தாத்தாவின் முகவரிப் புத்தகத்தையே மீண்டும் புரட்ட வேண்டும். ஆதலால் எழுத்து என்ற வடிவத்தைத் தட்டச்சுக்கு முன்பே அமைத்துவிடுவது முறை. ஒரே ஒரு கட்டம்தான் என்றால், எண்ணுக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறியை இட்டாலும் போதும். அக்குறி அச்சில் வராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே தெருவில் இருந்த 12/3ஏ என்ற வீட்டுக்கும் 112/3 என்ற வீட்டுக்கும் அழைப்பிதழ் ஒழுங்காகச் சென்று சேர்ந்தது. அவற்றை எப்படிப் பார்த்தாலும் தேதியாகக் கொள்ள முடியாதல்லவா? எல்லா முகவரிகளும் கெட்டிருந்தால் சிறுமி அப்போதே கவனித்திருப்பாள். சில மட்டும் கெட்டதால்தான் கண்ணில் படவில்லை.

திரும்பி வந்த உறைகளுள் வேறு சிலவற்றில் அஞ்சல் குறியீட்டு எண் இருந்த இடமே வெறுமையாக இருந்தது. விரிதாளில் பார்த்தால் எண் இருக்கிறது, சீட்டில் இல்லை. காரணம் இது: சில முகவரிகளில் 700019 என்று சேர்த்தும், சிலவற்றில் 700 019 என்று இடைவெளி விட்டும் அவள் எழுதியிருந்தாள். முன்னது எக்செல்லுக்கு எண். இடைவெளி உள்ளது எழுத்து. இரண்டு மென்பொருள்களுக்கும் இடையே தரவைக் கொண்டுசெல்லும் நிரல், வழக்கமாக முதல் 8 வரிசைகளை மட்டும் பார்த்து, 'இந்த நெடுவரிசை எண்களால் ஆனது' அல்லது 'எழுத்துகளால் ஆனது' என்று ஊகிக்கிறது. எண் என்று ஊகித்துவிட்டால், பின்னால் வரும் எழுத்து வகைக் கட்டங்களை வெறுமையாகவோ சுழியமாகவோ அனுப்பிவிடும். ஒரு நெடுவரிசை முழுவதையும் ஒரே வகையாக எழுதுவதன் தேவை இங்குதான் விளங்குகிறது.

அந்த ஆறு இலக்கங்கள் இல்லையென்றால் என்ன என்று கேட்கலாம். இந்தியாவில் ஒரே பெயருடைய ஊர்கள் பல. ஒரே ஊரின் பெயரைப் பலர் பலவாறு எழுதுவர். பல மொழிகளில் பல எழுத்துகளில் எழுதுவர். இந்நகரையே எடுத்துக்கொண்டால், 2001 சனவரி 1ஆம் நாள் முதல் கொல்கத்தா என்பதே அதன் அலுவல்முறைப் பெயர். முதியோர் பலரின் முகவரிப் புத்தகங்களில் இன்றும் கல்கத்தாதான். இத்தகைய குழப்பங்களைத் தீர்க்கவே 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் வடமொழிக் கவிஞரும் ஆவார்.

குறியீட்டின் முதல் இலக்கம் நாட்டின் மண்டலத்தைக் குறிக்கும். மேற்கு வங்கம், ஒடிசா, வடகிழக்கு மாநிலங்கள் முதலியவற்றுக்கு 7. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல்களைப் பிரிக்கும் மாவட்டத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் காட்டும். லால் திகி குளத்தருகே வெண்ணிறக் குவிமாடத்துடன் 1868 முதல் நிற்கும் தலைமை அஞ்சலகத்தின் குறியீடு 700001. பாலிகஞ்ச் 700019. முதல் இலக்கத்தை மட்டும் தவறி 6 என்று எழுதினால் 600019. அது சென்னையின் வடக்கே உள்ள திருவொற்றியூர். இரண்டு நகரங்களுக்கும் இடையே இரயில் வழித் தொலைவு 1,600 கிலோமீட்டருக்கும் மேல்!

இந்த எண்ணை எவரும் கூட்டுவதில்லை, கழிப்பதில்லை. பாலிகஞ்சின் எண்ணையும் திருவொற்றியூரின் எண்ணையும் கூட்டி வரும் விடையால் ஒருவருக்கும் பயனில்லை. தோற்றத்தில் எண்ணாக இருப்பினும் அது ஓர் இடத்தின் பெயர். வீட்டு எண்ணும் தொலைபேசி எண்ணும் அத்தகையனவே. கொல்கத்தாவின் தொலைபேசிக் குறியீடு 033, சென்னைக்கு 044. கணக்கில் 033 என்பதும் 33 என்பதும் ஒன்றுதான். எனவே எக்செல் முன்னிற்கும் சுழியத்தை நீக்கிவிடும். கணக்கிட வேண்டாத எண் எதுவாயினும் அதை எழுத்து வகையில் வைப்பதே பொருத்தம்.

இத்தொல்லை முகவரிச் சீட்டுகளோடு முடிவதில்லை. மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு அறிஞர்கள் 'மார்ச்1', 'செப்ட்1' எனச் சுருக்கப் பெயர்கள் இட்டிருந்தனர். எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 1 என்று மாற்றிவிட்டது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருப்பதைக் காட்டியது. இறுதியில் 2020ஆம் ஆண்டு பெயரிடும் குழுவினர் மரபணுக்களின் பெயரையே மாற்றினர்: 'செப்ட்1' என்பது 'செப்டின்1' ஆயிற்று. மனிதருக்காகக் கருவி மாறுவதற்கு முன், கருவிக்காக மனிதர் மாறினர். பின்னர் 2023இல்தான் தானியங்கி மாற்றங்கள் சிலவற்றை நிறுத்தி வைக்கும் வசதியை எக்செல் வழங்கியது.

பெயர்களிலும் ஒரு சிக்கல் எழுந்தது. வங்காளிகளுக்குப் பெயரின் பின் குடும்பப் பெயர் வரும். தமிழருக்குப் பெரும்பாலும் பெயரின் முன் தந்தை பெயரின் முதலெழுத்து வரும். சிறுமி பயன்படுத்திய ஆயத்த விரிதாளில் 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என இரண்டு நெடுவரிசைகள் இருந்தன. எதை எங்கே இடுவது என்று தெரியாமல், சிலருக்கு முதலெழுத்தைக் குடும்பப் பெயராக இட்டாள். சிலருக்குத் தந்தையின் முழுப்பெயரை அங்கே இட்டாள். சீட்டில் 'திரு' என்பதற்குப் பின் குடும்பப் பெயர் மட்டும் வருமாறு அமைந்திருந்ததால், ஒருவருக்குத் 'திரு. சு.' என்றும், மற்றொருவருக்கு அவருடைய மறைந்த தந்தையின் பெயரிலும் அழைப்பிதழ் சென்றது. இரண்டாமவர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தாராம். முழுப்பெயருக்கும் ஒரே நெடுவரிசை இருந்திருந்தால் இது நேர்ந்திராது.

தமிழ்நாட்டில் உள்ள உறவினருக்குத் தமிழிலேயே முகவரி அச்சிட விரும்புவோர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். பெயர்களை யூனிகோடு முறையில் தட்டச்சு செய்து எக்செல் கோப்பாகவே சேமித்தால் எழுத்துகள் சிதையா. காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய கோப்பாகச் சேமிக்க நேர்ந்தால், யூனிகோடுக்குரிய வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் பாட்டியின் பெயர் இருந்த இடத்தில் வினாக்குறிகள் வரிசையாக நிற்கும். விரிதாளை அகர வரிசைப்படுத்தும்போதும் விழிப்பு வேண்டும். பெயர் நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தினால் பெயர்கள் இடம் மாறும், முகவரிகள் மாறா. அப்புறம் ஒருவர் வீட்டில் மற்றொருவர் குடியேறிவிடுவார்.

சிறுமி எல்லாவற்றையும் திருத்தினாள். நெடுவரிசைகளை முதலில் எழுத்து வகைக்கு மாற்றினாள். பின்பு தாத்தா முகவரிப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தாள். சாய்கோடு உள்ள வீட்டு எண்கள் சிலவற்றைத் தேர்ந்து வெள்ளைத்தாளில் அச்சிட்டு, புத்தகத்தோடு ஒப்பிட்டாள். ஒட்டும் தாளை அதற்குப் பிறகே அச்சுப்பொறியில் இட்டாள்.

சித்திரைப் புத்தாண்டு நெருங்கியது. புதிய அழைப்பிதழ்கள் அஞ்சலில் சேர்ந்தன. நண்பருக்குரிய உறையை மட்டும் தாத்தா தனியே எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஏன் தாத்தா? இப்போது எண் சரியாகத்தானே இருக்கிறது?"

"சரியாகத்தான் இருக்கிறது அம்மா. இதை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார் தாத்தா.

பயிற்சி

வீட்டில் உள்ள முகவரிப் புத்தகத்திலிருந்து பத்து முகவரிகளைத் தேர்ந்தெடுக்க. அவற்றுள் எக்செல் தேதியாகக் கொள்ளத்தக்க வீட்டு எண்கள் எவை? தாத்தா பாட்டி வாழும் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்டறிந்து, அதன் முதல் இலக்கம் எந்த மண்டலத்தைக் குறிக்கிறது என எழுதுக. நண்பரின் வீட்டு வாயிலில் தாத்தாவும் நண்பரும் என்ன பேசியிருப்பர்? பத்து வரிகளில் உரையாடலாக எழுதுக.