பாட்டி சொன்ன கதைக்கு என்ன பெயர்?

நான் பொறியியல் படிக்கிற மாணவன். போன செமஸ்டர் விடுமுறையில் ஈப்போ, புந்தோங் வீட்டில் பாட்டியை உட்கார வைத்து, அவர் கதையைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர் அவர். கேட்டதை நான்கு பக்கம் எழுதி, ‘பாட்டியின் சுயசரிதை’ என்று தலைப்புப் போட்டு, வாசித்தும் காட்டினேன்.

“நான் இருளைக் கிழித்துக்கொண்டு பெரட்டுக்கு நடந்தேன்” என்ற வரி வந்ததும் பாட்டி நிறுத்தச் சொன்னார். “நான் எங்கடா அப்படிச் சொன்னேன்? புள்ளைய ஆயாக்கொட்டகையில விட்டுட்டு ஓடினேன்னுதானே சொன்னேன்!”

சொன்னது பாட்டி, எழுதியது நான். தலைப்போ பாட்டியே எழுதியதாகச் சொல்கிறது. தப்பு அங்கேதான். வாழ்க்கையைச் சொல்லும் எழுத்துக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. யார் பேசுகிறார் என்பதை அந்தப் பெயரே வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வாழ்க்கை வரலாறு: ஒருவர் வாழ்க்கையை இன்னொருவர் எழுதுவது. உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி 1933, 1934இல் இரண்டு பாகங்களாக எழுதினார்.

2. தன்வரலாறு: தன் வாழ்க்கையைத் தானே எழுதுவது. சுயசரிதை என்பதும் இதுதான். அதே உ.வே.சா. 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் சரித்திரம்’ இந்த வகை. 1942இல் அவர் மறைந்தார். கதையும் பாதியில் நின்றது.

3. நாட்குறிப்பு: அன்றன்று எழுதுவது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கியது புகழ்பெற்றது. நாளை என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதுவதால் இதற்குத் தனி மதிப்பு.

4. நினைவுக் குறிப்பு: முழு வாழ்க்கை இல்லை; ஒரு காலம், ஓர் இடம் மட்டும். தோட்டத்துப் பள்ளி நாட்களை மட்டும் எழுதினால் இது.

5. அடியார் வரலாறு: பக்தியைச் சொல்வதே நோக்கம், ஆண்டு, தேதி முக்கியமில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் நமக்குத் தெரிந்ததே. குயவர் திருநீலகண்டரும் மீனவர் அதிபத்தரும் அரசர்களோடு அதில் இருக்கிறார்கள்.

6. வாய்மொழி வரலாறு: ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்டுப் பதிவு செய்வது. சொன்னவர், கேட்டவர், நாள், இடம் எல்லாம் குறிக்க வேண்டும். சொன்னவரின் பேச்சை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது.

பாட்டி கதை இந்த ஆறாவது வகை. மறுபடியும் பதிவைக் கேட்டு எழுதினேன். ‘பாத்திரம்’ என்று நான் மாற்றியிருந்தது மீண்டும் ‘மங்கு’ ஆனது. காண்டா, நிரை, ஒட்டுப்பால் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அடையாள அட்டையில் பிறந்த வருஷம் 1946. பாட்டியோ, “அது கிராணி போட்ட கணக்கு” என்கிறார். இரண்டையும் எழுதிவிட்டேன்.

இப்போது அந்தத் தோட்டத்தில் செம்பனைதான் நிற்கிறது, லயங்கள் இல்லை. அங்கே வேலை செய்தவர்களின் கதை அவர்கள் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. பாட்டியே இப்போதெல்லாம் சில பெயர்களை மறந்துவிடுகிறார்.

‘நமக்கெல்லாம் புத்தகம் எழுத வருமா?’ என்று தயங்க வேண்டாம். பெரியபுராணத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அதற்கு மூலமான சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் 11 பாடல்களே. பல அடியார்களுக்குச் சில சொற்கள்தான். பிறகு நம்பியாண்டார் நம்பி அதை விரித்தார். சேக்கிழார் வந்தது அதற்கும் பின்னால்.

பயிற்சி: இந்த வாரம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், “முதல் நாள் வேலைக்குப் போனது எப்படி?” என்று மட்டும் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி பத்து வரி எழுதுங்கள். அடியில் அவர் பெயர், உங்கள் பெயர், தேதி, இடம் போடுங்கள். பிறகு மறக்காமல் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.