விலையைச் சொல்லிவிட்டு ஏணியில் ஏறுங்கள்

கண்டியிலும் சுற்றுவட்டத்திலும் பண்டிகைக்கு வீடு அலங்கரிக்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், எசல பெரஹரா, தீபாவளி, நத்தார் என்று ஒரே தெருவில் எல்லாச் சமயத்தாரின் விளக்கும் மாறி மாறி எரிகிற ஊர் நம்முடையது. முன்பு இதெல்லாம் அந்தந்த வீட்டுப் பிள்ளைகளின் வேலை. இப்போது பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். இங்கே இருப்பவர்களோ கணவனும் மனைவியுமாக வேலைக்குப் போகிறார்கள். அதனால் ஆள் தேடுகிறார்கள். தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "இதுக்குப் போய் இவ்வளவா?" என்றுதான். இந்தக் கேள்விக்குக் கோபப்படாமல், எதையும் ஒளிக்காமல் பதில் சொல்லப் பழகுங்கள். நான் சொல்லப் போவதெல்லாம் அதற்கான வழிதான்.

1. கூப்பிட்ட வீட்டுக்கு நீங்கள் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் உள்ள வீட்டில் பொங்கலுக்கு நிறைகுடம் வைத்து, மாவிலை கட்டி, வாசலில் மாக்கோலம் போட எங்களுக்குக் கூலி எதற்கு? கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி விளக்கு ஏற்றுவதும் அப்படித்தான். அதை அந்த வீட்டார் தங்கள் கையால் செய்வதில்தான் பண்டிகையே இருக்கிறது. "அம்மா, இதை நீங்களே செய்யலாம், எப்படி என்று சொல்லித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மாடிக் கூரை ஓரத்தில் விளக்குக் கட்ட வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள், விருந்தினர் வரும் விடுதி வீடு, தோட்டத்து மரங்களுக்கு மின்சாரம் இழுக்க வேண்டும் என்ற மாதிரி இடங்களில்தான் நமக்கு வேலை. அங்கே நம் கூலிக்கு நியாயம் இருக்கிறது.

2. வீட்டைப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள். தொலைபேசியில் படம் அனுப்பி, "இந்த மாதிரிச் செய்ய எவ்வளவு?" என்று கேட்பார்கள். கண்டி மலைச்சரிவில் கட்டிய ஊர் என்பது படத்தில் தெரியாது. அனிவத்தையிலும் பஹிரவகந்தையிலும் வேன் ஒரு வளைவோடு நின்றுவிடுகிற வீடுகள் உண்டு. அங்கிருந்து படியேறி ஏணியையும் பெட்டிகளையும் தோளில் தூக்கிப் போக வேண்டும். அதற்கு ஓர் ஆள் கூடுதலாகத் தேவைப்படும். பெரஹரா நாட்களில் நகரத்துக்குள் வீதிகளை மூடிவிடுவார்கள். அந்தக் கிழமையில் விடுதி வீட்டு வாசலுக்குத் தோரணம் கட்ட ஒப்புக்கொண்டால் காலையிலேயே வேலையை முடித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

3. கணக்கைப் பிரித்துத் தாளில் எழுதிக் கொடுங்கள். இதுதான் நான் சொல்பவற்றில் பெரியது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நடுத்தரமான ஒரு மாடி வீட்டுக்கு நத்தார் வேலை என்று வைத்துக்கொள்வோம். விளக்குச் சரம், மரம், குடில் எல்லாவற்றுக்கும் வாடகை 15,000 ரூபா. புதிதாக வாங்கும் பூ, ரிபன், கம்பி 9,000. வேன் இரண்டு நடைக்கு 8,000. கட்டுகிற நாளில் உதவியாட்கள் இருவருக்கு 7,000. கழற்ற அரை நாளுக்கு அவர்களுக்கே 3,500. உடைந்தது, எரிந்துபோனது என்று 1,500. உங்கள் சொந்த வேலைக்கும் யோசனைக்கும் 12,000. ஆக மொத்தம் 56,000 ரூபா. இதை விலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாமான் விலையும் நாட்கூலியும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கணக்குப் போடும் முறையை மட்டும் பாருங்கள். பொருளுக்குப் போவது 24,000. மீதி 32,000 ஆட்களுக்கும் வண்டிக்கும் பொறுப்புக்கும். மொத்தத்தை மட்டும் சொன்னால் வீட்டுக்காரர் கடையில் பார்த்த விளக்குச் சரத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து மலைத்துப் போவார். பிரித்துக் காட்டினால் எதைக் குறைக்கலாம் என்று அவரே உங்களோடு உட்கார்ந்து யோசிப்பார். "மரம் எங்களிடம் இருக்கிறது, குடிலைப் பிள்ளைகள் கட்டுவார்கள்" என்பார். நல்லதுதானே, குறைத்துவிடுங்கள்.

உங்கள் கூலியைச் சாமான் விலைக்குள் ஒளிக்காதீர்கள். 2,000 ரூபாச் சரத்துக்கு 4,000 என்று எழுதினால் வீட்டுக்கார அம்மா அடுத்த முறை நகரத்துக்குப் போகும்போது கடையில் விசாரிப்பார். அன்றோடு அந்த வீடு உங்களுக்கு இல்லை. "என் கைவேலைக்கு 12,000" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல இளம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். மின்சார வேலை செய்கிற பாஸ் கூச்சப்படுவதில்லை, தையல்காரர் கூச்சப்படுவதில்லை. நீங்கள் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

உதவியாட்களின் கூலியில் மட்டும் கைவைக்காதீர்கள். வீட்டுக்காரர் பேரம் பேசிக் குறைத்த தொகையை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனின் கூலியிலிருந்து எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்பவர்களோடு என்னால் சேர்ந்து வேலை செய்ய முடிந்ததில்லை.

4. மின்சாரத்தைப் பற்றி எனக்கு இருக்கிற பயம் உங்களுக்கும் இருக்க வேண்டும். தீபாவளி வருவது ஐப்பசி மழையில், நத்தார் வருவது வடகீழ்ப் பருவ மழையில். சித்திரையிலும் பின்னேர இடிமழை உண்டு. ஆக, கண்டியில் வெளியே கட்டுகிற எந்த விளக்கும் ஒரு நாள் நனையும் என்று எண்ணித்தான் கட்ட வேண்டும். வீட்டுக்குள் பாவிக்கிற சரத்தை வெளியே கட்டக் கூடாது. இணைப்புகள் தரையைத் தொடாமல் உயரத்தில், கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். வயரைக் கம்பளத்துக்கு அடியிலோ கதவிடுக்கிலோ விடக் கூடாது.

வேலை தொடங்குவதற்கு முன் வீட்டின் ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு மின்சார வேலை தெரிந்தவரை அழைக்கச் சொல்லுங்கள். வீட்டாருக்கு உங்களால் கிடைக்கும் பயனில் இந்தச் சோதனையும் ஒன்று, அதைச் சொல்லியே செய்யுங்கள்.

பழைய வீடுகளில் 5 ஆம்பியர் பிளக் இன்னும் இருக்கிறது. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,150 வாட். 15 வாட் குண்டு பல்ப் 50 கோத்த வெசாக் மாலை ஒன்றே 750 வாட் இழுக்கும். இரண்டு மாலையை ஒரே பிளக்கில் கொடுத்தால் 1,500, எல்லை தாண்டிவிட்டது. எல்ஈடி சரம் என்றால் நூறு விளக்கு எரிந்தாலும் சில வாட்டுகள்தான். அதனால் வாடகைக்கு எல்ஈடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது காசு கொஞ்சம் கூடுதல், ஆனால் வீட்டாருடைய கரண்ட் பில்லிலும் உங்கள் தூக்கத்திலும் அது திரும்பி வந்துவிடும். 2022இல் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தை எங்கள் ஊர் கண்டது. எண்ணெய் விளக்கை வைத்தே ஒரு வாசலை அழகாக்கத் தெரிந்திருப்பது கைத்தொழிலுக்கு நல்லது.

5. பொலித்தீனை விட்டுவிடுங்கள். சமய, சமூக, அரசியல் நிகழ்வுகளின் அலங்காரத்துக்குப் பொலித்தீன் பாவிப்பதை 2017 செப்டெம்பரில் வர்த்தமானி அறிவித்தல் தடைசெய்தது. இது தெரியாமல் இன்னமும் பளபளக்கும் பொலித்தீன் கொடிகளைக் கட்டுகிறார்கள். மழைக்குப் பிறகு அவை கானுக்குள் கிடக்கும். ரெஜிபோமும் வேண்டாம். நம்மிடம் குருத்தோலை இருக்கிறதே! சிங்களக் கிராமங்களில் கொக்கொல வேலை செய்கிறவர்களின் விரலைப் பாருங்கள். ஓர் இளங்குருத்தைக் கிழித்து மடக்கிப் பூவாக்கி, ஒரு மண்டபத்தையே அதனால் மூடிவிடுவார்கள். அவர்களைக் கூலி கொடுத்து அழைத்து வாருங்கள், கூடவே இருந்து பழகிக்கொள்ளுங்கள். அரைகுறையாகப் பார்த்துச் செய்து அவர்கள் வேலையைக் கெடுக்க வேண்டாம். குருத்தோலை வெட்டிய அன்றே வாடத் தொடங்கும். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள், பண்டிகைக்கு முந்திய மாலையில்தான் கட்டுங்கள். இரண்டு நாளில் நிறம் மாறும் என்பதை வீட்டாருக்கு முதலே சொல்லிவிடுங்கள். மூங்கில் கீற்றும் டிஷ்யூ தாளும் வைத்துக் கட்டுகிற வெசாக் கூட்டுக்கும் இதேதான். மழையில் நனைந்தால் தாள் போய்விடும், கூட்டின் எலும்பு மட்டும் அடுத்த வருடத்துக்கு இருக்கும்.

நத்தார் மரத்துக்கு ஹந்தானைப் பைன் கிளையை வெட்டி வரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். அரச காட்டில் கைவைக்கக் கூடாது.

6. எந்தப் பண்டிகை, யாருடைய வீடு என்று தெரிந்து நடந்துகொள்ளுங்கள். வெசாக்கில் புத்தர் உருவத்தைத் திரைச்சீலையிலோ தரைவிரிப்பிலோ இட நினைக்கவே கூடாது. முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்குப் பிறையும் பூவும் போதும், பொதுவாக உருவங்கள் வைப்பதில்லை. கத்தோலிக்க வீட்டுக் குடிலில் பாலன் யேசுவை 24ஆம் திகதி நள்ளிரவில்தான் வைப்பார்கள். அலங்காரம் முழுமையாக வேண்டும் என்று நீங்கள் முந்திக்கொண்டு வைத்துவிடாதீர்கள், அது வீட்டுப் பிள்ளையின் உரிமை. சித்திரைப் புத்தாண்டில் புண்ணிய காலம் தொடங்கிவிட்டால் சிங்கள வீடுகளில் அடுப்புக்கூட எரியாது. அந்த நேரத்தில் ஏணியோடு போய் நிற்கக் கூடாது. சைவ வீட்டில் மரணத் துடக்கு என்றால் அந்த வருடம் அலங்காரம் இல்லை. முற்பணம் தந்திருந்தால் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

7. கையில் வடிவம் இல்லாதவர் எவ்வளவு சாமான் வைத்திருந்தும் பயனில்லை. வடிவம் பழகப் பட்டணத்துக் கடைகளுக்குப் போக வேண்டாம். பிலிமத்தலாவைப் பக்கம் போனால் கடலாதெனிய விகாரை இருக்கிறது. 1344இல் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பாசாரியார் கல்லில் எழுப்பியது. அதன் தூண்களைப் பாருங்கள். அங்கிருந்து கிட்டத்தில் எம்பக்கே தேவாலயம், மரத்தூண்களில் கொடியும் அன்னமும் தாமரையும். எவ்வளவு இடத்தை நிரப்பியிருக்கிறார்கள், எவ்வளவை வெறுமையாக விட்டிருக்கிறார்கள் என்று ஒரு காலை முழுதும் நின்று பார்த்தால் போதும். ஒரு வாசலுக்கு எத்தனை சரம் வேண்டும் என்பது தானாக விளங்கும். குறைவான சரத்தில் நிறைவான வாசல் செய்யத் தெரிந்தால் வீட்டாருக்குச் செலவும் குறையும்.

8. முற்பணத்துக்கு எழுத்தில் ஒரு விதி வையுங்கள். பொருள் வாங்கத் தேவையான அளவுக்கு மட்டும் முதலில் வாங்குங்கள், முழுத்தொகையும் வேண்டாம். நம் நாட்டில் பண்டிகைகள் நின்றுபோன வருடங்கள் உண்டு. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வெசாக் அடக்கமாகக் கழிந்தது. 2020 வெசாக் ஊரடங்கில் போனது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. அப்படியான நேரத்தில் ஒப்பந்தத் தாளைக் காட்டிப் பேசக் கூடாது. வாங்கிவிட்ட பொருளின் விலையை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். வாங்கிய பொருளை அவர்கள் பெயரிலேயே அடுத்த வருடத்துக்கு எடுத்து வையுங்கள்.

9. கழற்றுவதும் உங்கள் வேலைதான். விலைச் சண்டையில் பாதி இதில்தான் வருகிறது. கட்டுவதற்கு மட்டும் காசு பேசிவிட்டுப் போனவர் திரும்பி வர மாட்டார். வீட்டுக்காரர் தை மாதம் வரை காத்திருந்துவிட்டுத் தானே ஏணியில் ஏறுவார். கழற்றும் திகதியைக் கட்டும் திகதியோடு சேர்த்து எழுதுங்கள். ஆணி அடித்த இடத்தைப் பூசிவிடுங்கள், ஒட்டுநாடாப் பசையைச் சுவரிலிருந்து துடைத்துவிடுங்கள். மரக்கிளையில் கட்டிய கம்பி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, மரம் பருக்கும்போது அது தோலுக்குள் இறங்கிவிடும். வீட்டாருக்குச் சொந்தமான சரங்களை அட்டையில் சுற்றி, எது எந்த இடத்துக்கு உரியது, எதில் விளக்கு எரியவில்லை என்று எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அந்தப் பெட்டியைத் திறந்து, உங்களைக் கூப்பிடாமல் அடுத்த வருடம் அவர்களே கட்டிக்கொள்ளலாம். அப்படிக் கட்டிக்கொண்டால் சந்தோஷப்படுங்கள். அவர்கள் வீட்டு மாடிக்கூரைக்கு மட்டும் நீங்கள் போனால் போதும், அதற்கு உரிய விலையை அப்போது எழுதிக் கொடுங்கள்.