விடுதியில் பாதிப் பேருக்கு மட்டும் நெட் இல்லையா?

கல்லூரிக் கம்ப்யூட்டர் மையத்தில் வேலைக்குச் சேரலாமா என்று நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். "டிப்ளமோ படித்துவிட்டு பாஸ்வேர்டு மாற்றிக் கொடுக்கவா போகிறாய்?" என்று பெற்றோர் தயங்குகிறார்கள். 1986-ல் தொடங்கிய எர்நெட் வழியாக நம் நாட்டில் இன்டர்நெட் முதலில் நுழைந்ததே கல்வி நிலையங்களில்தான். பொதுமக்களுக்கு வந்தது 1995 ஆகஸ்டில். ரயில்வே சிக்னல் பிரிவில் ஓய்வு பெற்றபின் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாண்டுகள் இவ்வேலையைச் செய்தேன். ஒரே ஒரு பழுதை விளக்குகிறேன். வேலை எப்படிப்பட்டது என்று நீங்களே சொல்லுங்கள்.

மாணவர் விடுதி. ஒரே மாடியில் சில அறைகளில் நெட் இல்லை, பக்கத்து அறைகளில் இருக்கிறது. மறுநாள் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். புதிதாகச் சேர்ந்தவர் உடனே கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பார். கேபிள் கெட்டால் ஓர் அறை போகும். ஸ்விட்ச் கெட்டால் மாடியே போகும். பாதி போனால்?

கம்ப்யூட்டரை இணைத்ததும் அது "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று பொதுவாகக் கூவும். கல்லூரியின் டி.எச்.சி.பி. சர்வர் பதில் தரும். ஆனால் முதலில் பதில் சொல்பவரையே அது பெரும்பாலும் நம்பிவிடும். ஒரு மாணவர் வீட்டிலிருந்து வைஃபை ரவுட்டர் கொண்டு வந்து, இன்டர்நெட் துளையில் செருக வேண்டிய கேபிளைப் பக்கத்துத் துளையில் செருகிவிடுகிறார். அந்த ரவுட்டரும் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். ஒரே செக்‌ஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் லைன் கிளியர் கொடுப்பது போல! பழைய முகவரி காலாவதியாகாதவர்கள் தப்புவார்கள், புதிதாகக் கேட்டவர்கள் மாட்டுவார்கள்.

பாதித்த கம்ப்யூட்டரில் ஐ.பி.கான்ஃபிக் கட்டளை கொடுங்கள். எங்கள் கல்லூரி முகவரிகள் 10 என்று தொடங்கும். 192.168 என்று தொடங்கினால் திருட்டு ரவுட்டர்தான். ஏ.ஆர்.பி. கட்டளையில் அதன் மேக் எண் கிடைக்கும். அந்த எண் எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்பதை ஸ்விட்ச் சொல்லும். எந்தப் போர்ட் எந்த அறைக்கு என்ற பதிவேடு சரியாக இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் கதவு கதவாகத் தட்ட வேண்டியதுதான். (பதிவேடு எழுதச் சலிப்பவர்கள் இவ்வேலைக்கு வர வேண்டாம்.) போர்ட்டை மூடிவிட்டு, பையனிடம் பக்குவமாகப் பேசுங்கள். அவன் வேண்டுமென்று செய்யவில்லை.

நிரந்தர வழி, ஸ்விட்சில் டி.எச்.சி.பி. ஸ்நூப்பிங் வசதியை இயக்குவது. நம்பகமான போர்ட்டிலிருந்து வரும் முகவரியை மட்டுமே ஸ்விட்ச் அனுமதிக்கும். சர்வர் பக்கத்துப் போர்ட்டை நம்பகமானது என்று குறிக்காமல் இயக்கினால் விடுதி முழுவதும் முகவரியின்றி நிற்கும். ஆகவே ரயில்வேயில் பிளாக் வாங்குவது போல, முன்கூட்டியே அறிவித்து, தேர்வில்லாத வாரத்தில், நள்ளிரவுக்குப் பின் செய்யுங்கள்.