குரூப் எடுக்கும் முன்

அன்புள்ள கவிதாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை உங்கம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். கூடவே, நர்சிங் குரூப்தான் வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நிற்பதாகவும் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "அதில் கணக்கு இல்லை" என்றாயாம்.

யார் சொன்னது? ஒரு நோயாளிக்கு 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதிவிட்டுப் போவார். வார்டில் இருக்கும் சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500ஐ 20ஆல் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுத்தால் ஏறக்குறைய 42. கடிகாரத்தைப் பார்த்தபடி, விழும் சொட்டை எண்ணி எண்ணி, ரெகுலேட்டரை நகர்த்தி அந்த 42க்குக் கொண்டுவருவது நர்ஸின் வேலை. இதய நோயாளிக்கு வேகமாக ஏறிவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். குழந்தைக்கு என்றால் செட்டே வேறு. அதில் 1 மி.லி.க்கு 60 சொட்டு. கணக்குக்குப் பயந்து வருகிறவளை அது வார்டு வரைக்கும் துரத்திக்கொண்டு வரும்.

அதற்காக அந்த குரூப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. 1978இல் பிளஸ் டூ வந்தபோதே தமிழ்நாட்டில் தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. இன்று அதில் இருக்கும் செவிலியப் பாடம் உருப்படியான பாடம். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, கை கழுவுவது, டி.பி.ஆர். (உடல் வெப்பம், பல்ஸ், மூச்சு) சார்ட் எழுதுவது எல்லாம் பதினாறு வயதில் கைக்கு வந்துவிட்டால் பிறகு மறக்காது. பல்ஸ் பார்ப்பதையே எடுத்துக்கொள். மணிக்கட்டில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் வைக்க வேண்டும். கட்டைவிரல் கூடாது, அதிலேயே துடிப்பு இருப்பதால் உன் பல்ஸையே எண்ணித் தொலைப்பாய். எண்ணி முடித்ததும் கையை விட்டுவிடாதே. இன்னும் பல்ஸ் பார்ப்பது போலவே நின்று, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணு. "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று வாய் திறந்து சொன்னாயானால், அந்த நொடியே அவர் மூச்சு விடும் விதம் மாறிவிடும்.

சிக்கல் பிளஸ் டூவுக்குப் பிறகுதான். அந்தப் பிரிவில் இயற்பியல், வேதியியல் இருக்கவேண்டிய இடத்தைச் செவிலியக் கருத்தியலும் செய்முறையும் பிடித்துக்கொள்கின்றன. நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் படிக்க, இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ரேடியாலஜி, டயாலிசிஸ் போன்ற பட்டப் படிப்புகளுக்கும் அறிவியல் பிரிவைத்தான் கேட்பார்கள். இரண்டு வருட ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), மூன்று வருட டிப்ளமோ நர்சிங் இரண்டுக்கும் விதி கொஞ்சம் தளர்வு. ஆனால் மாநில அளவில் யாரைச் சேர்ப்பார்கள் என்பதை அந்தந்த வருடத் தகவல் தொகுப்பேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை வைத்து அல்ல.

வீட்டுக் கஷ்டத்தால் சீக்கிரம் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற பிள்ளைக்கு நர்சிங் குரூப், பிறகு ஏ.என்.எம். என்பது நல்ல வழிதான். நம் ஊர் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் கிராம சுகாதார செவிலியர் ஏ.என்.எம். படித்தவர்தான். உன் நிலைமை அப்படி இல்லை. நீ உயிரியல் உள்ள அறிவியல் குரூப் எடு. இது என் தீர்மானமான யோசனை. இரண்டு வருடம் இயற்பியலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், கட்டு.

உங்கப்பா மனதில் நீட் ஆசை இருப்பதும் தெரியும். 180 கேள்வியில் 90 உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும் சரிபாதி. எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். ஒன்று மட்டும் அவரிடம் சொல்லிவிடு: பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளி வேண்டாம். ஆறாவதிலிருந்து நீ அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாய். பன்னிரண்டாவதையும் அங்கேயே முடித்தால்தான் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கேட்க முடியும்.

இன்னொன்று. "ஆறு மாதத்தில் நர்ஸ் ஆகலாம்" என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம் என்று உன் தோழிகளிடமும் சொல். செவிலியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியாத சான்றிதழை வைத்துக்கொண்டு சட்டப்படி நர்ஸ் வேலை பார்க்க முடியாது. பிளஸ் டூ செவிலியப் பிரிவை முடித்தாலும் அதுவே பதிவுக்குப் போதாது. மேலே படித்தே ஆக வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விலங்கியலில் சுவாசம், சுற்றோட்டம் இரண்டு பாடத்தையும் இந்த வாரமே படி. இயற்பியலையும் புரட்டி, எந்தப் பாடம் பயமுறுத்துகிறது என்று குறித்து வை. சனிக்கிழமை நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்ததும் போன் செய்கிறேன், பேசுவோம்.

அன்புடன்,
பெரியம்மா