கோடை வெப்பமும் நாட்பட்ட நோய்களும்

"வெயில் காலத்தில் நிறையத் தண்ணீர் குடியுங்கள், இளநீர் அருந்துங்கள்" என்னும் அறிவுரையை ஆண்டுதோறும் கேட்கிறோம். உடல்நலம் உள்ளவர்களுக்கு அது நல்ல அறிவுரை. ஆனால் இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் சிகிச்சை பெறுவோரில் பலருக்கு அதுவே தீங்காக முடியலாம். கோடை கடுமையாகிவரும் இக்காலத்தில் இதனை நோயாளரும் குடும்பத்தினரும் அறிந்திருப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

நிலக்கரியும் பெட்ரோலியப் பொருள்களும் எரிவதால் வளிமண்டலத்தில் சேரும் கரியமில வாயு, புவியின் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, அதுவரை பதிவான ஆண்டுகளில் மிக வெப்பமானது 2024. அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் உயிரிழப்பு நேரும் என்பதை ஐரோப்பா 2003ஆம் ஆண்டுக் கோடையிலேயே கண்டது. அங்கு 70,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள். பகல் வெயிலோடு, தணியாத இரவு வெப்பமும் அவர்களை வருத்தியது. நம் ஊர்க் காங்கிரீட் மாடிவீடுகளில் இரவில் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

வெப்பத்தைத் தணிக்க உடலுக்கு இரு வழிகளே முதன்மையானவை. ஒன்று, தோலுக்கு மிகுதியாக இரத்தத்தை அனுப்புவது. இதற்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். மற்றொன்று வியர்வை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தால் வியர்வை வழிகிறதே தவிர எளிதில் ஆவியாவதில்லை. நீரும் உப்பும் இழக்கப்படுகின்றன. உடலோ போதிய அளவு குளிர்வதில்லை. நீரிழப்பு மிகும்போது சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. வெயிலில் கடுமையாக உழைக்கும் உப்பளத் தொழிலாளரிடையே தமிழகத்தில் நடந்த ஆய்வில், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது.

இனி மருந்துகள். ஃபுரோசமைடு போன்ற நீர் பிரிக்கும் மாத்திரைகள் உடலிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றுகின்றன. இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் ராமிபிரில், டெல்மிசார்டான் போன்றவை, நீரிழப்பு நேர்ந்த வேளையில் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியைத் தளர்த்துகின்றன. சர்க்கரை நோய்க்கான டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சிறுநீரை மிகுவிக்கின்றன. பனிக்காலத்தில் சரியாக இருந்த அளவு, கத்திரி வெயிலில் கூடுதலாகிவிடலாம். எழுந்து நிற்கையில் தலைசுற்றல், சிறுநீர் குறைதல், இரண்டு மூன்று நாள்களில் எடை சட்டெனக் குறைதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் அன்றே தொலைபேசியில் மருத்துவரைக் கேளுங்கள். தாமாகவே மாத்திரையை நிறுத்துவது கூடாது. இதயச் செயலிழப்பு உள்ளவர் நீர் மாத்திரையை நிறுத்தினால் சில நாள்களிலேயே மூச்சுத் திணறலோடு வர நேரிடும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டால் இன்னும் விரைந்து கேட்க வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு நாங்கள் விதித்துள்ள நீர் அளவு கோடையிலும் விதியே. மிகுதியாக வியர்ப்பவருக்கு அதனை மாற்றலாமா என்பதை எடையைப் பார்த்து நாங்களே கூறுவோம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் அதனை வெளியேற்ற இயலாதபோது இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். நலம் விசாரிக்க வருவோர் அன்போடு இளநீர் வாங்கி வருவது நம் வழக்கம். மறுப்பது கடினம்தான், ஆயினும் மறுத்தேயாக வேண்டும். பழச்சாறும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் அவ்வாறே. நாக்கு வறண்டால் வாய் கொப்பளிக்கலாம். ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறியின் கீழ் அமரலாம். அறை வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் மின்விசிறிக் காற்று உடலை மேலும் சூடாக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

இன்சுலினும் வெப்பத்தால் கெடும். திறக்காத குப்பிகளைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். உறையவைக்கும் பகுதியில் வைக்கக் கூடாது. மின்வெட்டு மிகுந்த ஊரில், சிறு மண்பானையைப் பெரிய பானைக்குள் வைத்து, இடைவெளியில் ஈர மணலை நிரப்பிப் பயன்படுத்தலாம். உள்ளே நீர் படாதவாறு குப்பியை உறையில் இட்டு வைக்கவும்.

உடன் இருப்போர் ஒன்றைத் தவறாமல் அறிந்திருக்க வேண்டும். வெயிலிலோ புழுக்கமான அறையிலோ இருந்தவர் உளறினால், குழம்பினால், மயங்கினால், அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். ஊர்தி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் புகட்டாதீர்கள். காய்ச்சல் என எண்ணிப் பாராசிட்டமால் தருவதால் இதில் பயன் இல்லை.

அடுத்த முறை வருகையில், உண்ணும் எல்லா மாத்திரை அட்டைகளையும், காலையில் சிறுநீர் கழித்தபின் பார்த்த ஒரு வார எடைக் குறிப்பையும் கொண்டு வாருங்கள். கோடைக்கான நீர் அளவையும் மருந்து அளவையும் தனித்தாளில் எழுதித் தருகிறோம்.