நனைந்த கம்பளம்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தள வீடு எங்களுடையது. சமீபத்திய மழையில் தெருத் தண்ணீர் ஹாலுக்குள் புகுந்து, மூன்றாம் நாள்தான் வடிந்தது. ஹால் கார்பெட்டை மொட்டை மாடியில் காயவைத்தும் வாடை போகவில்லை. அடியில் கறுப்புப் புள்ளிகள் வேறு. அதே வாரம் ஏசியின் வடிகுழாய் அடைத்து, படுக்கையறைக் கம்பளமும் நனைந்தது. அதை அன்றே பார்த்து எடுத்துவிட்டோம். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறாள். பூஞ்சையைக் கொல்ல என்ன மருந்து அடிக்கலாம்? பிளீச்சிங் பவுடர் போதுமா?
– வாசகி, சென்னை

பதில்: மருந்துக்குப் பிறகு வருவோம். எந்தத் தண்ணீர் பட்டது, எவ்வளவு நேரம் ஊறியது என்ற இரண்டையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் இரண்டு கம்பளங்களுக்கும் இரண்டு வேறு முடிவுகள்.

ஹால் கார்பெட்டைக் கழித்துவிடுங்கள். தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். இழைகளுக்குள்ளும் அடியிலுள்ள ஃபோமுக்குள்ளும் இறங்கிய அழுக்கை வீட்டில் அலசி எடுக்க முடியாது. தவிர, ஈரமான பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். உங்களுடையது அதையும் தாண்டி ஊறியிருக்கிறது. காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று மனசு கேட்காதுதான். ஆனால், குழந்தை முகம் படத் தவழும் இடம் அது. என்-95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி வெளியேற்றுங்கள். உதறினால் பூஞ்சைத் தூள் வீடெங்கும் பரவும்.

படுக்கையறைக் கம்பளத்தைக் காப்பாற்றலாம். முதலில் ஏசிக் குழாயின் அடைப்பை எடுங்கள்; இல்லாவிட்டால் மறுபடியும் நனையும். கம்பளத்தைச் சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் அலசிப் பிழிந்து, இரண்டு பக்கமும் வெயில் படும்படி போடுங்கள். மேற்பரப்பு காய்ந்ததை நம்பி எடுத்துவிடாதீர்கள். அடிப்பக்கத்தையும் ஓரத் தையலையும் தொட்டுப் பாருங்கள். ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இப்போது பிளீச்சிங். அதைக் கம்பளத்தில் போடவே வேண்டாம்: சாயம் வெளுக்கும், கம்பளி இழை அரித்துப்போகும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால், கொல்வதைவிடத் தேய்த்து அகற்றுவதுதான் முக்கியம். சாக்கடைத் தண்ணீர் பட்ட டைல்ஸ் தரையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு, கடையில் கிடைக்கும் திரவ பிளீச்சை லிட்டருக்கு 60 மில்லிக்கு மிகாமல் கலந்து துடைக்கலாம். ஜன்னலைத் திறந்துவையுங்கள், குழந்தையை வேறு அறையில் விடுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். நச்சுவாயுவான குளோரின் கிளம்பும். சாம்பிராணி புகை வாடையைத்தான் மறைக்கும், பூஞ்சை இருந்த இடத்தில் இருக்கும்.

சுவரின் அடிப்பகுதி ஓதம் காயாமல் பெயின்ட் அடித்தால், சில மாதங்களில் உப்பி உரிந்துவிடும். சுவரை ஒட்டிய சோபா, பீரோவை ஒரு சாண் தள்ளிப் போட்டு, மின்விசிறியை ஓடவிடுங்கள். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குப் பிடிமானம் குறையும். அடைமழை நாளில் வெளிக்காற்றே அதைவிட ஈரமாக இருக்கும் என்பதால், அப்போது ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியை டிரை மோடில் வையுங்கள்.

ஹாலில் புதுக் கம்பளம் வாங்கும் முன் ஒரு சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி கோத்திருந்தால், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்தத் தரையில் எந்தக் கம்பளமும் நிலைக்காது. தை வரை துவைத்து உலர்த்தக்கூடிய பருத்தி ஜமுக்காளமே போதும். இதற்கிடையே குழந்தைக்கு விடாத இருமலோ மூச்சிரைப்போ வந்தால், வீட்டில் பூஞ்சை இருந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.